சான்று கேட்ட வெர்னா ட்ரெவாரோ

ஏழு நிமிடம். ஒரு முட்டை ஒழுங்காக வேகிற நேரம்கூட இல்லை. வென்டல் கோஸ்கி இரண்டு விரலால் ஒரு மணி நேரம் தட்டி, இணையக் கலைக்களஞ்சியத்தில் தன் அப்பாவைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதினான். ஏழே நிமிடத்தில் யாரோ அதை அழித்துவிட்டார்கள். நடந்து பதினோரு வருடமாகிறது. இதற்கிடையில் மனைவி விட்டுப் போனதை மன்னித்தான். போகிறபோது அவள் தூண்டில் பெட்டியையும் எடுத்துப் போனதைக்கூட மன்னித்தான். அந்த ஏழு நிமிடத்தை மட்டும் மன்னிக்கவில்லை.

அழித்ததோடு நின்றார்களா? கூடவே ஒரு வரவேற்பு மடல். "உங்களை அன்புடன் வரவேற்கிறோம்! சான்று இல்லாததால் உங்கள் பங்களிப்பு நீக்கப்பட்டது." வாங்க வாங்க என்று கும்பிட்டு, கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுகிற மரியாதை.

வரி இதுதான்: 1958 பிப்ரவரியில் ஆஸ்டர் செம்புச் சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்தபோது, சுரங்க வாயிலில் ஆட்களை மேலே தூக்கும் இயந்திரத்தை விட்டு நகராமல் நின்று பத்தொன்பது பேரை வெளியே இழுத்தவர் ஈனோ கோஸ்கி. வீட்டில் பூனைக்குக்கூடத் தெரிந்த கதை. ஈனோ மட்டும் சாகும்வரை அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. யாராவது பேச்சை எடுத்தால் எழுந்து நீராவிக் குளியலுக்குப் போய்விடுவார். எவ்வளவு அடக்கமான மனிதர் என்று குடும்பமே உருகியது.

வென்டல் வரியைத் திருப்பிப் போட்டான். அழிந்தது. மறுபடி போட்டான். மறுபடி அழிந்தது. ஒரே நாளில் மூன்று தடவைக்கு மேல் திருப்பிப் போடக்கூடாது என்பது அங்கே சட்டம். நான்காவது தடவை அவன் கணக்கையே முடக்கினார்கள். விடுவானா? பனி தள்ளும் வண்டியை ஊர் நூலகத்தின் முன்னால் நிறுத்திவிட்டு, உள்ளே போய், பெயர் எதுவும் கொடுக்காமல் அங்கிருந்த கணினியில் அதே வரியைத் தட்டினான். பெயர் கொடுக்காதவனுக்கு அந்தக் கணினியின் இணைய எண்தான் பெயர். அழிக்கிற ஆள் அந்த எண்ணின் மேல் புகார் எழுத, அங்கிருந்து யாருமே எழுத முடியாதபடி ஒரு மாதத் தடை விழுந்தது.

உடனே மூன்று நாற்காலி தள்ளி ஒரு பெண்குரல் வெடித்தது.

"எந்த அறிவுகெட்டவன் என்னைய முடக்கினது?"

வெர்னா ட்ரெவாரோ. மாவட்டப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவள். வீட்டுக்கு இணைய இணைப்பு வீண்செலவு என்று நூலகத்திலேயே குடியிருந்தாள். பேஸ்டி என்கிற கறி அடைத்த ரொட்டிக்குள் கேரட் வைக்கலாமா கூடாதா என்று அதே கலைக்களஞ்சியத்தில் முகம் தெரியாத ஆட்களோடு எட்டு மாதம் மல்லுக்கட்டி வென்ற வீராங்கனை. உலகத்தில் எவன் எந்த எண்ணிலிருந்து எழுதுகிறான் என்று மோப்பம் பிடிக்கிறவள், தான் உட்கார்ந்திருக்கும் கட்டடத்தின் எண் என்ன என்று ஒருநாளும் பார்த்ததில்லை. தன் மேலேயே புகார் எழுதித் தன்னையே வெளியேற்றிக்கொண்டாள்.

அவள் பார்வை வென்டலின் திரையில் விழுந்தது.

"அந்தச் சுரங்கப் பக்கத்துல கிறுக்குறது நீதானா?"

"கிறுக்கலங்க, உண்மையை எழுதுறேன். அழிக்கிற புண்ணியவதி நீங்கதானா?"

"சான்று எங்க?"

"அவர் என் அப்பாங்க!"

"அதைத்தான் சொல்றேன். அப்பனைப் பத்தி மகன் சொன்னா அது பாசம். பாசத்துக்கு அடிக்குறிப்பு போட முடியாதுப்பா. அந்தக் காலத்துப் பத்திரிகை எல்லாம் கீழ்த்தளத்துல படச்சுருளா கிடக்கு. தேடேன்."

"நான் பத்தாவதோட நின்னவன்."

"அதுக்குப் படிப்பு வேணாம். கண்ணும் பொறுமையும் போதும். உனக்குக் கண்ணாவது இருக்கு."

இரண்டு குளிர்காலம் தேடினார்கள். அவன் படச்சுருள் கருவியின் கைப்பிடியைச் சுற்றுவான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பாதிப் பேஸ்டியைத் தின்றுகொண்டு, மீதிப் பாதியை அவனுக்குக் கொடுக்காமல் காகிதத்தில் சுற்றி வைப்பாள். இரண்டாவது மார்ச்சில் அகப்பட்டது, மூன்றாம் பக்கத்தில். இயந்திரத்தை விட்டு நகராமல் நின்றவர் ரேமண்ட் டூபே. வழக்கமாக அந்த ஷிப்டில் அதே இயந்திரத்தில் வேலை பார்க்கும் ஈனோ கோஸ்கி அன்று யாரிடமும் சொல்லாமல் ஏரிக்குப் போய், பனியில் துளை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தார்.

அடக்கத்தின் காரணம் விளங்கியது.

வெர்னா தேதியையும் பக்கத்தையும் ஒரு சீட்டில் எழுதி அவன் சட்டைப் பையில் செருகினாள். "கண்டுபிடிச்சவன் நீ. எழுத வேண்டியவனும் நீதான்."

அவன் எழுதவில்லை. அவளும் எழுதவில்லை, கேட்கவும் இல்லை. பக்கத்தில் யார் பெயரும் இல்லாமல் வருடங்கள் ஓடின.

ஆனால் வென்டல் அந்த இடத்தை விட்டுப் போகவும் இல்லை. விதிகளை எல்லாம் உருப்போட்டான். சுரங்கப் பக்கத்துக்கு அவனே காவல்காரன் ஆனான். புதிதாக வருகிறவர்களை அவன் விரட்டுகிற அழகைப் பார்த்தால் வெர்னாவே தங்கக் குணம் என்று தோன்றும்.

போன அக்டோபரில் ஒரு புதுப்பெண் வந்தாள். "என் தாத்தா ரேமண்ட் டூபேதான் இயந்திரத்தை விட்டு நகராமல் நின்றவர்" என்று ஒரு வரி. சான்று இல்லை. வென்டல் நான்கு நிமிடத்தில் அழித்தான். பழைய சாதனை முறிந்தது. வரவேற்பு மடலையும் ஒட்டினான். அவள் திருப்பிப் போட்டாள், அழித்தான். 'தாத்தா பொய் சொல்ல மாட்டார்' என்று பேச்சுப் பக்கத்தில் கெஞ்சினாள். விதி எண்ணை எடுத்து வீசினான். நான்காவது தடவை அவள் கணக்கு முடங்கியது.

இந்த வெற்றியைச் சொல்ல வெர்னாவிடம் போனான். அவள் முதியோர் இல்லத்தில், மூக்கில் பிராணவாயுக் குழாயோடு கிடந்தாள். அதற்கடுத்த வாரம் அவள் இருக்கப்போவதில்லை என்பது இருவருக்குமே தெரியும். அவன் கைப்பேசியில் எல்லாவற்றையும் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"சான்று இல்லன்னு அழிச்சியா?"

"ஆமாங்க. நீங்க சொல்லிக் கொடுத்த விதிதானே."

"நான் அழிச்சப்ப எனக்குச் சான்று தெரியாது வென்டல். உனக்குத் தெரியும்."

அவன் ஜன்னலைப் பார்த்தான். வெளியே பார்க்க ஒன்றுமில்லை, வாகன நிறுத்தம்தான்.

"அப்பா மானம் போயிடும்ங்க."

"மீன் பிடிக்கப் போனதை எவனும் எழுதச் சொல்லல. அது பக்கத்துக்குத் தேவையும் இல்ல." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அந்தப் பொண்ணோட வரியைத் திருப்பிப் போடு. தேதி, பக்கம் மூணு, சான்றை உன் பேர்ல சேத்துடு. தடையை எடுக்கச் சொல்லி மேலிடத்துக்கு எழுது. அப்புறம் அவகிட்ட மன்னிப்புக் கேளு. அந்த வரவேற்பு மடலை மறுபடி ஒட்டித் தொலைக்காத. உன் ரெண்டு விரலால நீயே எழுது."