ஆடிக்கு முன் வைத்த தட்டு

வேலை போன மூன்றாவது வாரத்தில் பதினான்கு மெஷின்களை வாங்கிக்கொள்வதாக வாக்குக் கொடுத்தேன். அவற்றில் ஒன்றைக்கூட அதுவரை பார்த்திருக்கவில்லை.

ரவாங்கில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் இருபத்திரண்டு வருடம் இருந்தேன். ஒரு திங்கட்கிழமை காலை எங்களில் நாற்பது பேரைக் கேன்டீனுக்குக் கூப்பிட்டு, ஆளுக்கொரு கவரைக் கையில் கொடுத்து, பதினோரு மணி பஸ்ஸில் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். இப்போதும் யாராவது கவரை நீட்டினால் என் கை தானாகப் பின்னால் போகிறது. நட்ட ஈடாக வந்ததுதான் எங்களிடம் இருந்த ஒரே பெரிய பணம். சின்னவள் தாதிப் படிப்புக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தாள். அந்தப் பணம் அவளுக்கு என்று நானும் என் கணவரும் பேசிக்கொள்ளாமலே முடிவு செய்திருந்தோம்.

அந்த நேரத்தில்தான் சம்பந்தி வந்தார். பெரியவளுக்கு அவர் மகனைப் பேசி வைத்திருந்தோம். கல்யாணத் தேதி குறிப்பது மட்டும் பாக்கி. அவரும் என் கணவரும் ஒரே தோட்டத்தில், பக்கத்துப் பக்கத்து லயத்து வீடுகளில் வளர்ந்தவர்கள். அசாம் ஜாவா தொடங்கி சுங்கை ஆயர் தாவார் வரை ஊர் ஊராக அவருக்கு மெஷின்கள் இருந்தன. காசு போட்டால் குளிர்பான டின் விழும், கச்சாங் கடலைப் பாக்கெட் விழும். வாரம் இரண்டு முறை வேனில் போய்ச் சரக்கை நிரப்பி, பணத்தை எடுத்து வருவார். முட்டி தேய்ந்துவிட்டது, குனிந்தால் எழ முடியவில்லை, மெஷின்களையும் ரூட்டையும் சேர்த்தே கொடுத்துவிடலாம் என்று பார்க்கிறேன் என்றார். வெளி ஆளுக்குக் கொடுக்க அவருக்கு மனமில்லையாம். ஸ்டோரில் இருந்தவருக்கு இதைவிடப் பொருத்தமாக வேறென்ன இருக்கிறது என்றும் கேட்டார்.

ஐம்பத்தொரு வயதில் எனக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்ற கேள்வி அவர் வருவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்திருந்தது. ஆனால் அவர் சொன்ன விலைக்கு நட்ட ஈட்டுப் பணம் ஏறக்குறைய முழுவதும் போய்விடும். யோசித்துச் சொல்கிறோம் என்றுதான் சொல்ல நினைத்தேன். ஆனி முடிய நான்கு நாள் இருந்தது. ஆடியில் நாங்கள் எதையும் புதிதாகத் தொடங்குவதில்லை. ஆனியிலேயே வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டால் ஆவணியில் பணத்தைக் கட்டிச் சாவியை வாங்கிக்கொள்ளலாம், இல்லையென்றால் ஒரு மாதம் எல்லாம் அப்படியே நிற்கும் என்று என் கணவரே அவசரப்படுத்தினார்.

வெள்ளிக்கிழமை காலை சாமி மேடைக்கு முன்னால் தட்டை வைத்தோம். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மேலே நோட்டாக நூற்றொரு வெள்ளி. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். சம்பந்தி இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஸ்டோரில் ஒரு பெட்டி ஆணியைக்கூட எண்ணிப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை.

ஆடி பிறந்தது. தொடங்கத்தானே கூடாது, பழகலாமே என்று சம்பந்தி என்னை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்.

நன்றாக ஓடுகிற மெஷின் என்று முதலில் அவர் காட்டியது வெளிநாட்டுத் தொழிலாளர்கள் தங்கும் ஹாஸ்டலில் இருந்தது. நாங்கள் போனபோது படிக்கட்டு வழியாக மெத்தைகளை இறக்கி லோரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். காவலாளியிடம் மலாயில் கேட்டேன். பாதிப் பேரை வேறு இடத்துக்கு மாற்றுகிறார்களாம். புது ஆட்கள் வருவார்கள் என்றார் சம்பந்தி. நான் மெஷினுக்குள் கையை விட்டுப் பின்வரிசை டின்களைத் தடவிப் பார்த்தேன். விரலில் ஒட்டிய தூசியை வைத்தே சரக்கு எத்தனை நாளாக நகரவில்லை என்று என்னால் சொல்ல முடியும். சேலையில் துடைத்துக்கொண்டேன்.

மற்ற இடங்களில் வியாபாரம் மோசமில்லை. என்னைக் கலங்க வைத்தது வேறு. கிளினிக்கில் இருந்த பெண்ணுக்கு அவர் கொய்யாப்பழம் கொண்டுபோயிருந்தார். டியூஷன் சென்டர் வைத்திருப்பவரின் அப்பா இறந்தபோது சுடுகாடு வரை எல்லாக் காரியத்தையும் இவர்தான் பார்த்தாராம். பட்டறையில் அவரைப் பார்த்ததும் வேலையை நிறுத்திவிட்டு வந்து பேசினார்கள். எந்த இடத்திலும் வாடகை கிடையாது, ஒப்பந்தம் கிடையாது, பாதி இடங்களில் கரண்ட் காசுகூடக் கேட்பதில்லை. அதை அவர் பெருமையாகச் சொன்னார். மெஷினை வாங்கலாம். இவருடைய இருபது வருடப் பழக்கத்தை நான் எங்கே போய் வாங்குவது?

வீட்டில் சொன்னேன். என் கணவர் கோபப்படவில்லை.

"தட்டு மாத்தியாச்சு. இனிமே போய்க் குத்தம் சொன்னா அசிங்கம்லா. நாளைக்கு நம்ம பிள்ள அந்த வீட்டுல போய் வாழணும்."

அவர் சொன்னதில் தவறில்லை. வாங்கினால் சின்னவளின் படிப்பு போகும். மறுத்தால் பெரியவள் அங்கே எந்த முகத்தோடு நுழைவாள்? ஒவ்வொரு நாளும் காலண்டரைப் பார்த்தேன். ஆடி முடியவே கூடாது என்று வேண்டிக்கொண்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மூன்றாவது முறை போனபோது, சுங்கை ஆயர் தாவார் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையின் வாசலில் கேட்டுவிட்டேன்.

"சம்பந்தி, இடத்துக்காரங்ககிட்ட ஆளுக்கொரு கடுதாசி வாங்கித் தர்றீங்களா? கை மாறினாலும் மெஷின் இங்கயே இருக்கலாம்னு."

அவர் சிரித்தார். "இருவது வருசமா நானே கேட்டதில்ல. நீங்க என்னா, என்னைய லோயர்கிட்ட இழுக்கிற மாதிரி பேசுறீங்க?"

"உங்கள நம்புறேன். அவங்கள எனக்குத் தெரியாதே."

வாங்கிக் காட்டுகிறேன் பாருங்கள் என்று நொண்டிக்கொண்டே ஆபீசுக்குள் போனார். நானும் பின்னால் போனேன். ஆலை முதலாளியான தவுக்கே நாற்காலி போட்டு, உன் முட்டி என் ஆலையைவிடப் பழசு என்று மலாயில் கேலி செய்தார். சம்பந்தி விஷயத்தைச் சொன்னதும் அவர் என்னை ஒரு முறை பார்த்தார். உனக்கு என்றால் கடிதமே வேண்டாம், புது ஆள் என்றால் மூன்று மாதம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். போனிலேயே பணம் கட்டுகிற மெஷினோடு வேறொரு கம்பெனி இந்த இடத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறதாம். நல்ல மனதோடுதான் சொன்னார். தேநீரும் கொடுத்தார்.

வேனுக்குத் திரும்பிய பிறகு சம்பந்தி சாவியைப் போடவே இல்லை. ஸ்டியரிங்கைப் பார்த்தபடி பேசினார்.

"கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கட்டணும், சம்பந்தி. அதான் அவசரப்பட்டேன்."

அவர் ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

"எனக்கு வேணாம், சம்பந்தி," என்றேன். "அது சின்னவ படிப்புக் காசு."

"தட்டு மாத்தினோமே."

"மாத்தினோம். பாக்காம மாத்தினது என் தப்புதான்."

சாவியைப் போட்டபடி, "பிள்ளைங்ககிட்ட என்னான்னு சொல்றது?" என்று கேட்டார். இன்னும் ஓர் இடம் பாக்கி இருந்தது. அங்கே அவரால் குனிய முடியவில்லை. நான் தரையில் உட்கார்ந்து கீழ்வரிசையை நிரப்பினேன். அவர் பெட்டியிலிருந்து டின்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் பெரியவள் வேலைக்குப் போகச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவளிடம் சொன்னேன். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தெரியும்மா. நம்மகிட்ட வர்றதுக்கு முன்னாடியே அங்கிள் மூணு பேர்கிட்ட கேட்டாரு. யாரும் வாங்கல."

"தெரிஞ்சுமா சொல்லாம இருந்த?"

"சொன்னா நீங்க வாங்க மாட்டீங்கல்ல," என்றாள்.

அவள் குரலில் கோபமே இல்லை. சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

ஆவணி பிறந்து இரண்டு வாரமாகிறது. தேதி குறிக்க அவர்கள் வரவில்லை, வரமாட்டோம் என்றும் சொல்லவில்லை. சின்னவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. கட்டணம் கட்டக் கல்லூரி வரை தனியாகப் போய் எனக்குப் பழக்கமில்லை. நேற்று பெரியவள்தான் அரை நாள் லீவு போட்டுக் கூட்டிப்போனாள். என்னோடு வரிசையில் நின்றாள், சேர்க்கைப் பாரத்தை நிரப்பித் தந்தாள். திரும்பி வரும்போது வழியில் கோல சிலாங்கூர் வருவதற்குள் அவளுடைய போன் இரண்டு முறை அடித்தது. அவள் எடுக்கவில்லை. மாப்பிள்ளையா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.