பிரஷருக்கு விடுகிற மருந்து

மருந்துக்கடை வேலையில் கால் ஓய்வதற்கு முன் வாய் ஓய்ந்துவிடும். பிரஷர் இருக்கிறதா, சீனி இருக்கிறதா, வேறு மருந்து குடிக்கிறீர்களா என்று கேட்டுக் கேட்டே கல்முனையில் என் காலம் போனது.

ஒருநாள் மருதமுனையிலிருந்து ஒரு சாச்சி வந்தார். சொந்தமில்லை, வயதுக்கு அப்படித்தான் கூப்பிடுவோம். கையில் சிறுநீரை அடக்க முடியாததற்கு டொக்டர் குளிசை எழுதிக்கொடுத்த மருந்துத் துண்டு. உம்ரா யாத்திரை போக இருந்தார்.

"கை கால் கழுவிட்டுத் தொழுகையில நிண்டா, சொட்டுப் போயி ஒளு முறியிது மகள். மக்காவுக்குப் போயும் கக்கூஸத் தேடி ஓடுறதா?"

"பிரஷருக்கு மருந்து குடிக்கிறீங்களா சாச்சி?"

"குடிக்கிற இல்ல. விடுற."

"ஏன், நிப்பாட்டிட்டீங்களா?"

"இல்ல புள்ள, கண்ணுக்குள்ள விடுற."

டொக்டரிடமும் 'பிரஷர் இரிக்கு' என்றுதான் சொல்லியிருக்கிறார். டொக்டர் சாச்சியின் கையில் பட்டி கட்டிப் பார்த்து, பிரஷர் நல்லாயிருக்கு என்றிருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் பக்கம் பிரஷர் என்றால் இரத்த அழுத்தம்தான். கண் கிளினிக் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். சாச்சிக்கு இருந்தது கண் பிரஷர், கிளுக்கோமா என்பார்கள், அதுவும் கண்ணுக்குள் நீர் வடியும் வழி ஒடுங்கிய வகை. லேசர் அடிக்கச் சொல்லியும் போகவில்லை.

கிளுக்கோமா உள்ள எல்லோருக்கும் இந்தக் குளிசை ஆகாது என்றில்லை. ஒடுங்கிய வகைக்கு லேசர் அடிக்காமல் கொடுத்தால் வழி அடைபட்டு, கண் அழுத்தம் திடீரென்று ஏறிவிடலாம். டொக்டருக்குப் போனில் கோல் எடுத்தேன். "குடுக்காதீங்க, முதல்ல கண் கிளினிக்குக்குப் போகச் சொல்லுங்க" என்றார்.

"சாச்சி, இதக் குடிச்சா கண் பார்வையே போயிடலாம்."

"எனக்கு உம்ரா கிடைக்கப்படா எண்டு பாக்கியா? ஊருல வேற கடை இல்லையா?" துண்டைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்.

வேறு கடையில் வாங்கியிருக்கிறார். அங்கே கேட்டதற்கு, பிரஷரே இல்லை என்றாராம். சில நாளில் வலது கண் சிவந்து, தலையிடித்துச் சத்தியெடுத்ததில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அழுத்தத்தை இறக்கி லேசரும் அடித்தார்கள். அந்தக் கண்ணில் பார்வை திரும்பவில்லை. கேள்விப்பட்டபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை, அலுப்புத்தான் வந்தது.

பயணம் தள்ளிப்போய், பிறகு போய்வந்தார். மக்காவிலிருந்து சம்சம் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

"கஃபாவக் கண்டீங்களா சாச்சி?"

"கண்டன் மகள். ஒத்தக் கண்ணால."

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். பிரஷர் என்றால் எங்கே என்று கேளுங்கள். குடிப்பதோடு நிறுத்தாமல் விடுவதையும் பூசுவதையும் கேளுங்கள். ஏசுவார்கள், ஏசட்டும். ஏச்சுக் கேட்ட காது ஆறிவிடும், போன கண் வராது.