மூக்கில் நிற்கும் ஒலி

"மூக்கைப் பிடிச்சுக்கிட்டு மறுபடி ஓது" என்றார் பரீட்சை நடத்த வந்திருந்த உஸ்தாத்.

ரிஸ்வானா பிடித்தாள். மூக்கில் ரீங்கரிக்க வேண்டிய எழுத்து அது. பிடித்தால் ஒலி நிற்க வேண்டும். பிடித்தாலும் விட்டாலும் ஒன்றுபோல் இருந்தது.

"சளிங்க உஸ்தாத்" என்றாள் ஷம்லா.

தேவாலா மதரஸாவில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பெண்களுக்குக் குர்ஆனைத் திருத்தமாக ஓதக் கற்றுக்கொடுப்பவள் அவள். காலை ஆறரையிலிருந்து எட்டு வரை வகுப்பு. பிறகு தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை. போன வருஷம் இரண்டு பேர் தோற்றார்கள். இந்த வருஷம் ஒருத்தி தோற்றாலும் வகுப்பு கிடையாது என்று கமிட்டி சொல்லிவிட்டது. ஆறு பேர் தேறியாயிற்று. வகுப்பில் சளி முறை வைத்து வரும். இந்த வாரம் ரிஸ்வானாவின் முறை.

"சளியெல்லாம் சாக்கு. இப்படி" என்று உஸ்தாத் ஓதிக் காட்டினார். கூடலூரிலிருந்து பஸ்ஸில் மூடாத ஜன்னலோரம் நனைந்து வந்தவர். தன் மூக்கைப் பிடித்தார். விட்டார். மறுபடி பிடித்தார். வித்தியாசமே இல்லை.

ரிஸ்வானா குர்ஆனை மூடி மடக்குப் பலகையில் வைத்தாள். பக்கத்தில் இருந்தவளும் மூடினாள். வரிசையாக ஏழு பேரும் மூடினார்கள்.

"என்னம்மா, வீட்டுக்குக் கிளம்பியாச்சா?"

ஷம்லா முந்திக்கொண்டாள். "சிரிப்பு வந்தா குர்ஆனை மூடிடணும், சிரிச்சு முடிச்சுத்தான் திறக்கணும்னு ஒரு சட்டம் வெச்சிருக்கோம் உஸ்தாத்."

"யார் போட்ட சட்டம்?"

"நான்தாங்க."

அவர் அவளைப் பார்த்தார். தன் குர்ஆனையும் மூடினார்.

"சரி, சிரிங்க."

சிரிப்பில் தகரக் கூரை மேல் பெய்த மழை கேட்கவில்லை. ஒருத்தி பாயில் சரிந்தாள். உஸ்தாத் தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். ரிஸ்வானா சிரித்துச் சிரித்துத் தும்மினாள். "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். தும்மியவளுக்காக மற்றவர்கள் பதில் பிரார்த்தனை சொல்லி முடிக்கும் முன்பே அடுத்த தும்மல். நான்காவதில் எழுந்து நின்றுவிட்டாள்.

"டீச்சர், தொறந்துருச்சு!"

"உக்காருடி! மறுபடி அடைக்கிறதுக்குள்ள ஓது!"

ஏழு குர்ஆனும் திறந்தன. ரிஸ்வானா ஓதினாள். எழுத்து மூக்கில் வண்டுபோல் சுற்றியது. தானாகவே மூக்கைப் பிடித்தாள். சட்டென்று நின்றது. விட்டாள். வந்தது.

உஸ்தாத் தாளில் குறித்துக்கொண்டார். "ஏழு" என்றார்.

மறுநாள் வியாழக்கிழமை. மழை. ஷம்லா ஆறரைக்கு வகுப்பைத் திறந்தாள். ஆறு பேர் வந்தார்கள். ரிஸ்வானாவுக்குக் காய்ச்சல். அடுத்த பக்கத்தில் தொடங்கி அரைப் பக்கம் முடித்தார்கள். எட்டு மணிக்குப் பூட்டிவிட்டு ஷம்லா ஃபேக்டரிக்குப் போனாள்.