பாமாவின் ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுத்தவர்

பாமா ஜாபர் சாதிக்கைப் பற்றி முதலில் கேள்விப்பட்டது தன் கணவரிடமிருந்துதான். சுந்தரராமன் அப்போது புனேக்கு அருகே தேஹு ரோடு வங்கிக் கிளையில் அதிகாரி. 1996-ல் ஒருநாள் சாப்பிடும்போது பேச்சுவாக்கில் சொன்னார். “பஜார்ல துணிக்கடை வச்சிருக்கற பாய் ஒருத்தர். நம்ம ஊர்ப்பக்கம்தான், நெல்லிக்குப்பம். கையெழுத்து ஒரு தடவை போட்ட மாதிரி இன்னொரு தடவை விழ மாட்டேங்கறது. கை அப்படி நடுங்கறது. சின்ன வயசுல மூளைக்காய்ச்சல் வந்து பொழைச்சாராம்.”

பாமா தட்டிலிருந்து நிமிர்ந்தாள். “ஜப்பானிய மூளைக்காய்ச்சலா? கேட்டேளா?”

“நான் பேங்க் ஆபீசர்டி. அதெல்லாமா கேப்பா?”

அவள் கேட்டதற்குக் காரணம் இருந்தது. கட்கியில் ஓர் அறக்கட்டளை நடத்திய சிறிய ஆராய்ச்சிக்கூடத்தில் அவள் வேலை பார்த்தாள். வயல்வெளிக் கொசு கடித்து அந்த வைரஸ் ஆயிரம் பேர் உடம்பில் நுழைந்தால் ஒருவரோ இருவரோதான் படுக்கையில் விழுகிறார்கள். விழுந்தவர்களிலும் சிலர் எழுந்துவிடுகிறார்கள். எழுந்தவர்களின் ரத்த அணுக்கள் அந்த வைரஸில் எதை அடையாளம் கண்டுகொண்டன என்பதுதான் அவளுடைய கேள்வி. அதற்கு அணுக்கள் உயிரோடு கிடைக்கவேண்டும். நோய் வரும் ஊர்களோ தூரத்தில் இருந்தன. பனிக்கட்டிப் பெட்டியில் ரயிலேறி வரும் ரத்தத்தில் பாதி அணுக்கள் வழியிலேயே செத்துவிடும். பிழைத்த ஆள் ஒருவர் உள்ளூர் ரயில் தூரத்தில் இருக்கிறார் என்றால் சும்மா விடமுடியுமா?

அந்த ஞாயிற்றுக்கிழமையே கணவரோடு கடைக்குப் போனாள். சாதிக்குக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். சிரித்த முகம். துணியை அளந்தது அவர், வெட்டியது அவர் மனைவி சைனபு. கத்தரிக்கோலைப் பிடித்தால் அவர் கை நிற்காது. பத்தொன்பது வயதில் வந்த காய்ச்சலைப் பற்றி மணிக்கணக்கில் சொன்னார். மருத்துவமனைச் சீட்டைக்கூடப் பத்திரமாக வைத்திருந்தார். பாமா சந்தேகப்பட்ட நோய்தான்.

“கொஞ்சம் ரத்தம் குடுப்பீங்களா பாய்? எங்க லேபுக்கு வரணும். சில மாசத்துக்கு ஒரு தடவை.”

“குடுக்கறேன் டாக்டரம்மா. இந்தக் கை நடுக்கம் நின்னுடுமா?”

தான் வைத்தியம் பார்க்கும் டாக்டர் இல்லை, ஆராய்ச்சி செய்பவள் என்று பாமா சொல்லிப் பார்த்தாள். அவர் தலையாட்டிவிட்டு மறுபடியும் டாக்டரம்மா என்றே அழைத்தார். கை நடுக்கத்துக்கு மட்டும் அவள் நேராகப் பதில் சொல்லவில்லை. “ஆராய்ச்சி நடந்துண்டிருக்கு. பார்க்கலாம் பாய்” என்றாள்.

அவர் வரத் தொடங்கினார். தேஹு ரோட்டில் லோக்கல் பிடித்துக் கட்கியில் இறங்கி, இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையோடு வருவார். ஊசி குத்தும்போது வேறு பக்கம் திரும்பாமல் குழாயில் ரத்தம் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் பாமா நுண்ணோக்கியில் அவருடைய அணுக்களையே காட்டினாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தவர், “இதுங்கதான் என்னைக் காப்பாத்துனதா?” என்று கேட்டார். ஆமாம் என்றதும் கண் கலங்கிவிட்டது.

முதல் முறை வந்தபோது, வழக்கமாகக் கேட்பதுபோல, மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்று பாமா கேட்டிருந்தாள். வலிப்புக்கு ஒன்று சாப்பிடுவதாகச் சொன்னார். சில மருந்துகள் அணுக்களை மந்தமாக்கும் என்று அவர் காதுபடவே அவள் பக்கத்திலிருந்த உதவியாளரிடம் தமிழும் ஆங்கிலமுமாகச் சொன்னாள். அடுத்த முறை கேட்டபோது, “எதுவும் இல்லம்மா, சுத்தமா இருக்கேன்” என்றார். எப்படி இல்லாமல் போயிற்று என்று அவள் விசாரிக்கவில்லை. அந்தத் தடவை அணுக்கள் பிரமாதமாக வேலை செய்தன. வைரஸின் மேலுறையை விட்டுவிட்டு, உள்ளே ஒளிந்திருக்கும் ஒரு புரதத்தின் சிறு துண்டைப் பார்த்துப் பெருகின. வேறு யாரும் அதைக் காட்டியிருக்கவில்லை. பாமாவுக்கு அன்று வேறெதிலும் நினைவு போகவில்லை.

ஐந்தாறு வருடங்கள் இப்படியே ஓடின. பெருநாளுக்குப் பிரியாணியும் தீபாவளிக்கு முறுக்கும் போய்வந்தன. சாதிக் ஒவ்வொரு முறையும் கிளம்பும்போது, “இன்னும் எவ்வளவு நாள் ஆகும் டாக்டரம்மா?” என்பார். அவர் கேட்பது எதை என்று பாமாவுக்குத் தெரியும். “முடியப் போறது பாய்” என்பாள். ஆராய்ச்சி முடியப்போவது உண்மைதான். பொய் சொல்லவில்லை என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொள்ள அந்த வார்த்தை போதுமாக இருந்தது.

2001 மழைக்காலத்தில் கட்கி ரயில் நிலையத்தில் இறங்கியவர் வலிப்பு வந்து நடைமேடைப் படிகளில் விழுந்தார். யாரோ அவர் சட்டைப்பையில் இருந்த ஆராய்ச்சிக்கூடத்து எண்ணைப் பார்த்துத் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். பாமா ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. எத்தனை நாளாக மாத்திரை சாப்பிடவில்லை என்று டாக்டர் சைனபுவை இந்தியில் அதட்டிக்கொண்டிருந்தார்.

டாக்டர் நகர்ந்ததும் பாமா கேட்டாள். “ஏன் நிறுத்தினார்?”

சைனபு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவளை ஆச்சரியமாகப் பார்த்தாள். “உங்களுக்காகத்தானே! லேபுக்கு வர்றதுக்கு நாலஞ்சு நாள் முந்தியே நிறுத்திடுவாங்க. மாத்திரை கலந்த ரத்தத்தக் குடுத்தா மருந்து கண்டுபிடிக்கறது தப்பாயிடும்னு சொல்வாங்க. நான் வேணாம்னுதான் சொன்னேன். கேக்கலியே.”

பாமா ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு வந்து நின்றாள். அவள் நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் நிறுத்தியிருக்கிறார் என்று ஊகிக்க ஒரே ஒரு கேள்வி போதுமாயிருந்தது. அந்தக் கேள்வியை அவள் கேட்காமலிருந்தது மறதியால் அல்ல. அது அவளுக்கே நன்றாகத் தெரிந்தது.

சாதிக் பிழைத்தார். ஆனால் நடை சாய்ந்துவிட்டது. ஏணியேறி மேல்தட்டுத் துணிகளை எடுக்க முடியவில்லை. கடை பாதியாகச் சுருங்கியது. பாமாவின் கட்டுரை 2003-ல் வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றில் வந்தது. ஆராய்ச்சிக்கூடத்தில் பேடா வாங்கிக் கொடுத்தார்கள். பதவி உயர்வு வந்தது. கட்டுரையில் சாதிக்கின் பெயர் இல்லை. ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் மட்டும் இருந்தன. அதுதான் வழக்கம்.

அந்த இனிப்பு அவளுக்கு இறங்கவில்லை. “போய்ச் சொல்லிடு. இல்லேன்னா உனக்குத் தூக்கம் வராது” என்றார் சுந்தரராமன். தனியாகப் போனாள்.

கடையில் வாடிக்கையாளர் யாரும் இல்லை. சாதிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். “வாங்க டாக்டரம்மா, முடிஞ்சிடுச்சா?” என்று முகம் மலர்ந்தார்.

“முடிஞ்சுது பாய். ஆனா உங்க கை நடுக்கத்துக்கு அதுல ஒண்ணும் இல்லை. ஆரம்பத்துலயே இல்லை. எனக்குத் தெரியும். நான் சொல்லலை.”

சைனபு துணி மடிப்பதை நிறுத்திவிட்டாள்.

“அப்ப அது யாருக்கு?” என்று சாதிக் கேட்டார்.

“இனிமே வரப்போற குழந்தைகளுக்கு. அதுவும் எப்பவாவது, வேற யாராவது இதை வச்சுண்டு ஏதாவது பண்ணினா.”

“இதை அன்னைக்கே சொல்லியிருந்தாலும் ரத்தம் குடுத்திருப்பேனேம்மா” என்றார் சாதிக். குரலில் கோபம் இல்லை. “பிள்ளைங்களுக்குன்னா குடுக்க மாட்டேனா? மாத்திரைய மட்டும் நிறுத்தியிருக்க மாட்டேன்.”

டீ வந்தது. குடித்தாள். மன்னிப்புக் கேட்டாள். “அட, விடுங்க மேடம்” என்றார். அதற்குப் பிறகு அவர் அவளை டாக்டரம்மா என்று கூப்பிடவேயில்லை. அடுத்த பெருநாளுக்கும் பிரியாணி வந்தது. ஆனால் கடைப்பையன் கையில் வந்தது. அதற்கடுத்த வருடம் கடையைக் கொடுத்துவிட்டு அவர்கள் நெல்லிக்குப்பத்துக்கே போய்விட்டார்கள்.

2006-ல் சிக்குன்குனியா பரவியபோது பாமா நகரத்தின் ஓரத்துக் குடியிருப்புகளில் ரத்தம் சேகரிக்கப் போனாள். ஒவ்வொருவரிடமும் முதல் வார்த்தையாக, “இதனால் உங்கள் மூட்டுவலி குறையாது” என்று தனக்குத் தெரிந்த மராத்தியில் சொன்னாள். பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். “இப்படிச் சொன்னால் யார் கொடுப்பார்கள்?” என்று கூட வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். மாதிரிகள் போதவில்லை. அந்த ஆய்வு சொல்லிக்கொள்ளும்படி எதையும் கண்டுபிடிக்காமலே முடிந்தது. பாமா அதற்காக வருந்தவில்லை. ஆனால் சாதிக்குக்குச் செய்ததை அது ஈடுகட்டிவிட்டதாகவும் அவளுக்குத் தோன்றவில்லை.

மறுவருடம் ஒரு மாலை தொலைபேசி ஒலித்தது. சாதிக்கின் மகள் ஹுதா. புனேயில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் இன்னும் இந்தி கலந்து தடுக்கித் தடுக்கித்தான் வந்தது.

“ஆன்ட்டி, இங்க ஸ்கூல்ல எல்லா பச்சாங்களுக்கும் மூளைக்காய்ச்சல் ஊசி போடறாங்க. வாப்பா கேக்கறாங்க… வோ ஊசி, வாப்பாவோட ரத்தத்துல இருந்து வந்துச்சான்னு. பக்கத்துலதான் இருக்காங்க.”

அந்தத் தடுப்பூசி வேறு நாட்டில், வேறு வழியில், பாமாவின் கட்டுரைக்கு வெகுகாலம் முன்பே உருவானது. ஆமாம் என்று சொல்லிவிட்டால் யாரும் வந்து சரிபார்க்கப் போவதில்லை. அந்த மனிதருக்கு மிச்சமுள்ள காலத்துக்கு அது போதுமானதாக இருக்கும். வார்த்தை நாக்குவரை வந்துவிட்டது.

“இல்லைம்மா” என்றாள் பாமா. “அது வேற. வாப்பா குடுத்தது இன்னும் எதுக்கும் பயன்படலை. படலாம். எனக்குத் தெரியாது.”

“அச்சா… சொல்றேன் ஆன்ட்டி.”

ஹுதா வாயை ரிசீவரிலிருந்து விலக்கி என்னவோ சொல்வது கேட்டது. சாதிக் பதிலுக்கு ஏதோ சொன்னார். என்னவென்று பாமாவுக்குப் புரியவில்லை. திரும்பச் சொல்லச் சொல்லி அவள் கேட்கவும் இல்லை. பிறகு ஹுதா, சாதாரணமாக, புனேயில் மழை எப்படி என்று விசாரித்தாள்.