சிங்கத்தின் பின்னங்கால்கள்

சர்க்கஸில் நான் சிங்கத்தின் பின்னங்கால்களாக இருந்தேன். சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், சிரிக்க வைப்பதற்குத்தான் அங்கே எங்களுக்குச் சோறு போட்டார்கள். முன்னங்கால்கள் என் புருஷன். அந்தச் சிங்கத்தை அடிக்கிற வேலை முதலாளிக்கு. அவனை எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிட்டோம். மரியாதை போட்டு எழுதத்தான் பார்த்தேன், கை வரவில்லை. அதனால் இதில் அவன் 'அவன்'தான்.

முதலில் உண்மையான சிங்கம் ஒன்று இருந்தது. பல் கொட்டிப்போன கிழடு. குடியாத்தத்தில் டேரா போட்டிருந்தபோது வயிறு ஊதிச் செத்துப்போனது. மாஸ்டர் அன்றைக்கே அதை உரிக்கச் சொல்லி, தோலை ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்புக்கு அனுப்பி, மயிர் உதிராமல் பதம்பண்ணி வாங்கிவிட்டான். தலைக்குள் மூங்கில் கூடை ஒன்றை வைத்துத் தைத்தார்கள். பாவம், செத்த பிறகும் இதற்கு விடுதலை இல்லையா என்று நான் கேட்டேன். உனக்கு மட்டும் உண்டா என்று அவன் திருப்பிக் கேட்டான். கேலிக்குச் சொல்கிறான் என்று நினைத்து நானும் சிரித்துவைத்தேன்.

நோட்டீஸில் 'நடனமாடும் சிங்கம்' என்று அச்சடித்தார்கள். உயிருள்ள சிங்கம் என்று எங்கும் போடவில்லை, ஆகையால் அது பொய்யில்லை என்பது அவன் நியாயம். ஆட்டம் இதுதான். மாஸ்டர் சிங்கத்துக்கு வெள்ளைக்காரர்களுடைய டான்ஸ் கற்றுக்கொடுப்பான். பேண்டு வாசிக்கும். சிங்கம் அவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, இடுப்பை ஒடித்து, சுற்றிச் சுற்றி ஆடும். நடுவில் தப்பாகக் கால் வைத்துவிடும். உடனே தலையில் பிரம்பால் ஒரு போடு. சிங்கம் உட்கார்ந்து, பின்னங்காலால் தலையைச் சொறிந்துகொண்டு அழும். அந்தச் சொறிதல் என் வேலை. அதற்குத்தான் கைதட்டல் அதிகம்.

அடியெல்லாம் பொய்யடி. பெரிய டிரம் 'டம்' என்று விழும் அதே நொடியில் என் புருஷன் தலையைத் தாழ்த்துவார். பிரம்பு பிடரி மயிரை உரசிக்கொண்டு போய்விடும். சத்தம் டிரம்முடையது, வலி யாருக்கும் இல்லை. நான் அவருக்குப் பின்னால் குனிந்து, அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இருட்டில் நிற்பேன். அவருடைய குதிகால்களைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. அவர் காதுதான் எங்கள் இருவருக்கும் கண்.

அவருக்குப் பேண்டு என்றால் உயிர். என்னைக் கட்டிக்கொண்டதைவிட அந்த டிரம்மைக் கட்டிக்கொண்டதுதான் நிஜம் என்று நான் அவரைச் சீண்டுவேன். சாப்பிடும்போதுகூட விரல் தட்டில் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும்.

அரக்கோணத்தில் இந்த ஆட்டத்துக்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். வேலூரிலும் அப்படித்தான். ஆம்பூரில் சிரிக்கவில்லை. பாலாற்று மணலில் கூடாரம் அடித்திருந்தோம். வெள்ளிக்கிழமை தோல் ஷாப்புகளுக்கு லீவு, மத்தியான ஆட்டத்துக்கு கேலரி முழுக்கத் தோல் வேலைக்காரர்கள். தோல் ஊறவைக்கும் பட்டைச் சாறு ஏறிச் சிவந்த கைகள். விடிந்ததிலிருந்து தோலைத் தொட்டியில் போட்டு எடுத்து, அறைந்து, சுரண்டிப் பிழைப்பவர்கள். தோலில் அடி விழுந்தால் என்ன சத்தம் வரும் என்று அவர்களுக்கா தெரியாது? முதல் அடியிலேயே மேலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார்.

"இன்னா மாஸ்டரே, தோலு மேல படலியே!"

கேலரி முழுதும் அதைப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு தடவை பிரம்பு இறங்கும்போதும் "படல, படல" என்று ஒரே கூச்சல். அவர்கள் மனதில் ஒரு கெடுதலும் இல்லை. தங்களுக்குத் தெரிந்த ஒரு விஷயத்தில் ஒருவன் ஏமாற்றுகிறான், அதைக் கண்டுபிடித்துவிட்டோம் என்ற குஷி. ஆனால் மாஸ்டருக்கு மானம் போய்விட்டது. அடுத்த அடியை டிரம்முக்கு முன்னாலேயே இறக்கினான்.

உள்ளே இருந்த எனக்கு மூங்கில் நொறுங்கும் சத்தம் கேட்டது. என் கைக்குள் இருந்த இடுப்பு ஒரு தடவை உதறியது. வெளியே "பட்டுச்சு!" என்று விசில் பறந்தது. எங்களுக்குச் சனியன் பிடித்தது அந்த விசிலில்தான்.

அதற்குப் பிறகு எல்லா ஆட்டத்திலும் நிஜ அடிதான். வலது காது வீங்கி, ரத்தம் கட்டி, பிறகு சீழ் வடிந்தது. ஒரு வாரத்தில் அந்தப் பக்கம் அவருக்குக் கேட்காமல் போனது. டிரம் தெளிவாகக் கேட்காததால் கால் தப்பியது. கால் தப்பியதால் மேலும் அடி விழுந்தது. கேலரிக்கோ அடி விழ விழச் சிரிப்பு. நான் பின்னாலிருந்து அவர் இடுப்பில் விரலால் தாளம் தட்டத் தொடங்கினேன். தட்டினால் அடி எடுத்துவை, அழுத்தினால் தலையைத் தாழ்த்து. கொஞ்ச நாள் அப்படி ஓட்டினோம். ஒரு காதாவது மிச்சமிருக்கட்டும் என்பதைத் தவிர அப்போது எனக்கு வேறு வேண்டுதலே கிடையாது.

இங்கேயே ஏதாவது தோல் ஷாப்பில் இரண்டு பேரும் சேர்ந்துவிடலாம், கூடாரம் கிளம்பும்போது நாம் கிளம்ப வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன். அவர் தட்டில் தாளம் போட்டுக்கொண்டிருந்த விரலை எடுத்தார். பிறகு, "பேண்டு இல்லாம நான் இன்னா பண்ணுவேன், சொல்லு" என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அழுகையும் வந்தது.

மாஸ்டரிடம் போய்க் கெஞ்சினேன். கெஞ்சியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு எரிகிறது. ஜனங்கள் அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் வருகிறார்கள் என்றான். அப்புறம் கூடையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சோத்தாங்கைப் பக்கம் நொறுங்கிப்போச்சு. இனிமே அந்தப் பக்கம் அடிச்சா சத்தம் கம்மி. பீச்சாங்கைப் பக்கம் அடிக்கிறேன்" என்றான். பந்தல்கால் எங்கே நடுவது என்று யோசிப்பவன் பேசுவதைப் போல நிதானமாகப் பேசினான்.

அந்தப் பேச்சுக்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் கேலரி தாங்கவில்லை. மணல் சூடு காலில் ஏறியது. நான் தட்டினேன், அவர் ஆடினார். அழுத்தினேன், தாழ்ந்தார். பிரம்பு காற்றில் போனது. "படல" என்று மேலே ஆரம்பித்தார்கள். மாஸ்டர் எந்த நொடியில் சுற்றிக்கொண்டு இடது பக்கமாக வந்தான் என்று இருட்டில் எனக்கு எப்படித் தெரியும்? கூடை உடைகிற சத்தம் கேட்டது. இன்னொரு அடி. இன்னும் ஒன்று. என் எதிரே இருந்த குதிகால்கள் மணலில் வழுக்கின. கைக்குள்ளிருந்த இடுப்பு துணிமூட்டையாகத் தளர்ந்து கீழே போனது.

முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்திருந்த கயிறுகளை அறுத்துக்கொண்டு நான் வெளியே வந்தேன். இடுப்புக்குக் கீழே சிங்கம், வாலும் தொங்குகிறது. சிங்கம் இரண்டாகப் பிரிந்ததைப் பார்த்து கேலரி சிரிப்பில் அதிர்ந்தது. நேராகப் போய் மாஸ்டரின் வயிற்றில் ஓங்கி உதைத்தேன். சாய்ந்தான். பிரம்பைப் பிடுங்கி முகத்தில் அடித்தேன். காதைப் பார்த்து அடித்தேன். மூக்கிலிருந்து ரத்தம் வந்தது, அப்படியும் விடவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பசி தீர்கிறபோது இருக்குமே, அந்தச் சந்தோஷம்.

யாராவது வந்து என்னைப் பிடித்து இழுப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. கேலரி எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தது.

"ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்!"

அந்தக் காலத்தில் இந்த இரண்டு வார்த்தைக்கு மேல் சட்டம் கிடையாது. ஜனம் ஒன்ஸ் மோர் கேட்டால், நாடகத்தில் செத்து விழுந்தவன்கூட எழுந்து பாடிவிட்டுத் திரும்பச் செத்தாக வேண்டும். மாஸ்டர் கையை ஊன்றி எழுந்தான். இன்றைக்கு நம்மைக் கொல்லப்போகிறான் என்று பிரம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவன் ரத்தத்தைப் புறங்கையால் துடைத்தான். கேலரிக்கு ஒரு சலாம் போட்டான். பேண்டுக்குக் கையைக் காட்டினான். பேண்டு முதலிலிருந்து தொடங்கியது. அவன் என் முன்னால் வந்து முகத்தை நீட்டினான்.

"அடி. மொதல்ல அடிச்ச மாதிரியே படணும்" என்றான், எனக்கு மட்டும் கேட்கும்படி.

அடித்தேன். நிஜமாகத்தான் அடித்தேன். ஆனால் இந்தத் தடவை எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. அவன் விழ வேண்டிய இடத்தில் விழுந்தான், உருள வேண்டிய இடத்தில் உருண்டான். ஜனம் சிரித்து உருண்டது. என் கோபத்தையும் அவன் ஆட்டத்தில் சேர்த்துவிட்டான்.

பிரம்பைப் போட்டுவிட்டு முன்பாதியிடம் ஓடினேன். மணலில் கவிழ்ந்து கிடந்த தலையை இழுத்துக் கழற்றினேன். என் புருஷனுக்கு நினைவு இருந்தது. இடது காதிலிருந்து ரத்தம் கழுத்து வழியாக இறங்கி மணலில் ஊறிக்கொண்டிருந்தது. அவரைத் தூக்கி மடியில் சாய்த்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கேலரியைப் பார்த்தார். திறந்த வாய்களையும் தட்டுகிற கைகளையும் பார்த்தார். பிறகு திரும்பி, பேண்டுக்காரர்கள் நின்ற மேடையைப் பார்த்தார்.

"ஏம்மே, பேண்டு ஏன் நின்னுப்போச்சு?" என்று கேட்டார்.

பேண்டு எங்கள் தலைக்கு மேலே வாசித்துக்கொண்டிருந்தது. பெரிய டிரம் அடிக்கிற அடியில் எனக்கு நெஞ்செலும்பு அதிர்ந்தது. நான் அவர் இடுப்பில் கையை வைத்து, அது போகிற தாளத்தை விரலால் தட்டினேன்.