சிரட்டையில் சர்பத்

கடந்த மே மாதம் தூத்துக்குடிக்குப் போனேன். சாயர்புரத்து நண்பர் ஞானராஜின் மகள் எஸ்தர் கடற்கரைச் சாலையில் சர்பத் கடை திறக்கிறாள், வந்தே ஆகவேண்டும் என்று அழைப்பு. சென்னையில் இரவு ரயில் ஏறினால் காலையில் இறங்கிவிடலாம். ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவுக்கு நூறு ரூபாய். வெயில் எனக்குப் பழக்கம்தான் என்று யாரும் வீம்பு பேசாதீர்கள். ஒன்பது மணிக்கே எனக்குத் தலை சுற்றியது.

கடையின் பெயர் ‘சிரட்டை’. சென்னையில் நாங்கள் கொட்டாங்குச்சி என்பதைத் தெற்கே அப்படித்தான் சொல்கிறார்கள். மலையாளத்திலும் அதே சொல். தலையைக் குறிக்கும் ‘சிரம்’தான் மூலம் என்று ஒரு கட்சி உண்டு, எனக்கு அதில் நம்பிக்கையில்லை. அகப்பை செய்யவும் அடுப்பெரிக்கவும் ஆகும் அந்தத் தேங்காய் ஓட்டை எஸ்தர் வழவழவென்று தேய்த்துக் கோப்பையாக்கி அடுக்கியிருந்தாள். நல்ல வேலையை விட்டுவிட்டு ஆரம்பித்த கடை என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அப்பா ஒருவர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் போதும் அவளுக்கு.

ஞானராஜ் ஓய்வுபெற்ற ஆசிரியர், வாய் ஓயாதவர். அன்று வாசலில் நின்று கடையின் பெயர்ப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெபம் முடிந்ததும் முதல் சர்பத்தை மகள் அவரிடம் நீட்டினாள். நின்றபடியே ஒரே மூச்சில் குடித்தார். வாசல் குழாயில் சிரட்டையைக் கழுவி, வெளியே வேலி இடுக்கில் சொருகிவிட்டு வந்தார்.

கழுவத்தான் ஆள் இருக்கிறதே என்று எஸ்தர் சிரித்தாள்.

“எங்க அய்யாவுக்கு டீக்கடையில தம்ளர் கிடையாதுளா. நம்ம ஆளுகளுக்குச் சிரட்டைதான். குடிச்சவனே கழுவி வெளிய சொருகிட்டுப் போணும். நானும் சொருகியிருக்கேன்.”

சாதிப் பேச்சே வீட்டுக்குள் வரக்கூடாது என்று பிள்ளையை வளர்த்தவர். அன்றுதான் முதன்முறையாக அவளிடம் சொன்னார். எஸ்தர் முகம் வெளுத்து, பலகையைக் கழற்றிவிடட்டுமா என்று கேட்டாள்.

“வேண்டாம். கடை நல்லா நடக்கட்டும். என்னய மட்டும் கூப்பிடாத.”

போகிறவர்கள் வெயில் தாழ்ந்து மாலையில் போங்கள். நன்னாரி சர்பத் அருமை. அப்படியே திரேஸ்புரம் போய்ப் படகுகளையும் பார்க்கலாம். ஞானராஜ் இன்னும் அந்தச் சாலைப் பக்கம் போகவில்லை. என்றைக்காவது வருவார் என்று எஸ்தர் ஒரு கண்ணாடித் தம்ளர் வாங்கி, வேறு யாருக்கும் கொடுக்காமல் அவருக்கென்று தனியாக வைத்திருந்தாள். தனித் தம்ளர் என்றால் அவருக்கு என்ன அர்த்தம் என்று நான்தான் போனில் அவளுக்குச் சொல்லவேண்டியிருந்தது.