சாமைக் காட்டில் தொங்கிய சிடி

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்த ஆண்டி நான்தான். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் கொல்லிமலையில் ஒரு விவசாயிகள் சங்க அலுவலகத்தில் வேலை பார்த்தேன். அங்கே லினக்ஸ் கணினி ஒன்று இருந்தது. அதில் கடிதம் தட்டும் மென்பொருள் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் அதன் புதிய பதிப்பு இருந்தது. எனக்குக் கை அரித்தது, ஏற்றிவிட்டேன்.

பழைய பதிப்பு இருந்த சிடி இனி எதற்கு? குண்டனி நாடு என்ற மலைப் பகுதியிலிருந்து தங்கள் ஊர் மனு என்னாயிற்று என்று கேட்க வந்திருந்த அக்கா ஒருவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சாமைக் காட்டில் குருவித் தொல்லை, பளபளவென்று எதையாவது கட்ட வேண்டும் என்றார். வள்ளல் ஆண்ட மலையல்லவா, தயங்காமல் எடுத்து நீட்டினேன்.

மிளகையும் மரவள்ளியையும் தலையில் சுமந்து நாலு கிலோமீட்டர் நடக்கிறோம், மத்தியான பஸ்ஸை எங்கள் ஊர் வரை விடுங்கள் என்பதுதான் மனு. நூற்றுச் சொச்சம் பெயர்களோடு முன்பே தட்டி வைத்திருந்தேன். மறு வாரம், நாளைக் காலை பஸ் அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. அச்செடுக்கத் திறந்தால் திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். எங்கள் தமிழ் எழுத்துரு புதிய பதிப்புக்கு ஒத்துவரவில்லை.

பழையதற்கே திரும்ப வேண்டும். மலையில் இணையம் கிடையாது. சேலம் போய் வர ஒரு நாள் ஆகும். எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்குச் சாமைக் காடே மேல் என்று நடந்தேன்.

சிடி மூங்கில் கழியில் ஆடிக்கொண்டிருந்தது. திருப்பிக் கேட்டேன்.

"ஏனுங்க சாரு, குடுத்ததத் திருப்பிக் கேக்கறது நல்லாவா இருக்குது? இப்பத்தான் குருவி அண்டாம இருக்குதுங்க."

மனுவுக்காக என்றால் உடனே கழற்றிக் கொடுத்திருப்பார். ஆனால் கெடுத்தது யார் என்றும் சொல்ல வேண்டியிருக்கும். மானம் தடுத்தது. பையிலிருந்து புதிய சிடியை எடுத்தேன்.

"அதுக்குப் பதிலா இத வச்சுக்குங்க அக்கா. புத்தம் புதுசு."

இதில் பொய் ஒன்றும் இல்லை. அவர் இரண்டையும் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுதானுங்க நல்லா மினுக்குது" என்று புதியதைக் கட்டினார்.

குருவி அண்டாத சிடியில் குருவி எச்சம் ஒட்டியிருந்தது. சட்டையில் துடைத்துக் கணினிக்குள் விட்டேன். இதைவிடப் புதியது ஏற்கெனவே இருக்கிறது என்று லினக்ஸ் மறுத்தது. புதியதை நீக்கி, அது விட்டுச்சென்ற அமைப்புக் கோப்புகளையும் துடைத்தெறிந்த பிறகுதான் வழிவிட்டது. இரண்டு முறை சிடி ஓடவில்லை. மூன்றாம் முறை பழைய பதிப்பு ஏறியது. மனுவைத் திறந்தேன், கட்டங்கள் போய் எழுத்து வந்திருந்தது. முதல் பெயரே அந்த அக்காவுடையது. நிம்மதியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலை மனு அதிகாரி கைக்குப் போனது. சில மாதம் கழித்து அந்த ஊருக்கு பஸ் வந்தது. முதல் நாள் நானும் ஏறினேன். மிளகு மூட்டையோடு முன்னால் உட்கார்ந்திருந்த அக்கா, பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"இந்த சாருக்கு மனசு பெருசுங்க. புதுச எங்காட்டுக்குக் குடுத்துட்டு, ஆபீசுல பழசையே வச்சு ஓட்டறாருங்க."

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன்.